ரிப்போர்ட் வருவதற்கு முன்னால்

அக்காவுக்கு எதுவும் திடீரென்று நடந்துவிடக் கூடாது. நல்லதோ கெட்டதோ, அது வருவதற்கு முன்பே அதற்கு ஓர் இடம் ஒதுக்கி வைத்துவிட வேண்டும். அதிலும் கெட்டதற்குத்தான் முதலில் ஒதுக்குவார்.

நான் பந்திங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலைக்குக் கோலாலம்பூர் வந்தபோது அவருக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் போர்டில் எல்லோருக்கும் மூத்தவர். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் தனியாக இருந்தார். துணைக்கு ஒரு பெண் வேண்டும் என்று அவர் தேடிக்கொண்டிருந்தார், எனக்கோ தங்க இடமில்லை. இப்படித்தான் ஒன்றாகக் குடியிருக்க ஆரம்பித்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ரயில்வே குடும்பம் அவருடையது. பேச்சில் அந்த ஊர் அப்படியே இருந்தது. என்னைப் பிள்ளை என்பார்.

முதல் நாள் மாலை எனக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினார். கரண்ட் போனால் விளக்கு எங்கே, கதவுப் பூட்டு இறுகிக்கொண்டால் இன்னொரு வழி எது, ராத்திரி உடம்புக்கு முடியாமல் போனால் எந்த வீட்டுக்காரரிடம் கார் இருக்கிறது என்று வரிசையாகச் சொன்னார். கடைசியில், எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் தோட்டத்தில் யாருக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று கேட்டார். ஒரு பைத்தியத்தோடு மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். கேட்டு முடித்ததும் அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து தேங்காய்ச் சம்பலோடு அரை ரொட்டி பாண் சாப்பிட்டார். ஏதோ சொல்லிச் சிரித்தார். படுத்தவுடன் தூங்கிப்போனார். நான்தான் விழித்துக் கிடந்தேன்.

போகப் போகப் புரிந்தது. கெட்டதை நினைத்து நடுங்கிக்கொண்டே இருக்கிறவர் இல்லை அவர். அதற்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டால் பிறகு அதை மறந்துவிடுவார். செய்து முடிக்கும் வரைக்கும்தான் இருப்புக்கொள்ளாது.

மழை ஒரு மணி நேரம் விடாமல் பெய்தால் அரிசி டின்னைத் தூக்கி அலமாரி மேல் வைப்பார். ஆறு பக்கத்தில்தான் ஓடியது, தண்ணீர் தெருவுக்கு வருவது உண்மை. ஆனால் நாங்கள் இருந்தது மாடியில். மாடிக்கு எப்படித் தண்ணீர் வரும் என்று நான் சிரித்தபோது அவரும் சிரித்துக்கொண்டே சொன்னார். "தண்ணி மேல வராது, பிள்ளை. கீழ் வீட்டுக்காரர் மேல வருவினம். அவையளுக்குப் படுக்க இடம் வேணுமே."

கீழே தையல் கடை வைத்திருந்தவரின் மனைவிக்கு அது முதல் பிரசவம். ஏழாம் மாதமே அக்கா ஒரு பை தயார் செய்து கொடுத்துவிட்டார். பழைய சேலைத் துண்டுகள், மாற்றுத் துணி, பிள்ளைக்குத் தொப்பி. அவள் புருஷனுக்குக் கோபம். இப்போதே பை கட்டுவது அபசகுனம் என்று மாடிப்படியில் நின்று சத்தம் போட்டான். சொன்ன நாளுக்கு ஒரு மாதம் முன்பே அவளுக்கு வலி கண்டுவிட்டது. அவன் என்ன செய்வதென்று தெரியாமல் கடைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தான். அக்கா பையை அவன் கையில் கொடுத்து, ஏற்கெனவே பேசி வைத்திருந்த டாக்ஸிக்காரரையும் கூப்பிட்டு அனுப்பினார். அதற்குப் பிறகு அவன் அக்காவிடம் தையல் கூலி வாங்கியதே இல்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவரே ஒரு தடவை சொன்னார். அவருக்குப் பதினைந்து வயதில் அப்பா ஸ்டேஷனில் வேலையில் இருக்கும்போதே விழுந்து இறந்துவிட்டார். வீட்டில் அவருக்கு உடுத்திவிட ஒரு நல்ல வெள்ளை வேட்டி இல்லை. பக்கத்து குவார்ட்டர்ஸில் போய் இரவல் கேட்டு வாங்கி வந்தது அக்காதான். அந்த வீட்டம்மா பெட்டியைத் திறந்து ஒவ்வொரு வேட்டியாக எடுத்துப் பார்த்து, இருப்பதில் பழையதைத் தேடிக் கொடுத்தார்களாம். அக்கா அழாமல் வாங்கிக்கொண்டு வந்தாராம். இதைச் சொல்லும்போதும் அழவில்லை.

கிள்ளான்காரர் என்று நாங்கள் சொன்னவர் அக்காவின் வாழ்க்கைக்குள் வந்ததும் டெலிபோன் வழியாகத்தான். அவர் துறைமுகக் கிடங்கில் கணக்கு எழுதும் கிராணி. அவர் மனைவி கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் பல மாதம் கிடந்தார். மனைவியின் தாயார் இருந்தது தைப்பிங்கில். சாயந்தரமானால் ஆஸ்பத்திரி போனிலிருந்து தைப்பிங்குக்கு டிரங்க் கால் கேட்பார். பெரும்பாலும் அக்காவின் ஷிப்டில்தான் அந்த அழைப்பு வரும். இன்றைக்குக் கஞ்சி குடித்தாள், இன்றைக்குக் கொஞ்சம் தூங்கினாள் என்று அவர் சொல்வது இணைப்புக் கொடுக்கும்போது அக்கா காதில் விழும். ஒருநாள் போனை எடுத்தவர் எண்ணைச் சொல்லவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. அக்காவுக்கு விளங்கிவிட்டது. அந்த எண் அவருக்கு மனப்பாடம். "நான் லைன் போட்டுத் தாறன். நீங்கள் ஆறுதலாச் சொல்லுங்கோ, நான் வெட்ட மாட்டன்" என்று சொல்லி இணைத்துக் கொடுத்தார்.

ஒரு வருடம் கழித்து அவர் எக்ஸ்சேஞ்ச் வாசலுக்கு வந்து, அப்படிச் சொன்ன அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் இரண்டு பேனா, பேசும்போது தரையைப் பார்க்கிற மனுஷர். நன்றி சொல்லிவிட்டுப் போனவர் மறுபடியும் வந்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மாடிக்கே வர ஆரம்பித்தார். துறைமுகத்துச் செம்படவர்களிடம் வாங்கிய நண்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். நான் அதைக் கழுவிச் சமைப்பேன். அவர்கள் இருவரும் சன்னலோரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். சில நாள் பத்து வயது மகளையும் கூட்டி வருவார்.

ரவாங்கில் இருந்த அக்காவின் அண்ணன் சம்மதிக்கவில்லை. எங்கள் ஆட்கள் இல்லை, அதுவும் இரண்டாந்தாரம் என்று வருடக்கணக்கில் மறுத்தார். கடைசியில் அவரும் இறங்கி வந்தார். வைகாசியில் கோயிலில் எளிமையாகத் தாலி கட்டுவது என்று முடிவானது. அக்கா கல்யாணச் சேலையை வாங்கி வைத்துவிட்டுத் தூங்காமல் இருந்ததை அப்போதுதான் முதன்முதலில் பார்த்தேன். நல்லது நடக்கப்போகிறது என்றால் அவருக்குப் பழக்கமில்லை.

தை மாதத்தில் ஒருநாள் காலையில் குளித்துவிட்டு வந்தவர் என்னைக் கூப்பிட்டு, இடது மார்பில் ஒரு கட்டி இருக்கிறது என்று சொன்னார். டாக்டரிடம் ஏற்கெனவே போய் வந்திருந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்து கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், பயாப்சி என்று அதற்குப் பெயர் என்றார். ரயில் நேரம் சொல்வது மாதிரி சொன்னார்.

ஆஸ்பத்திரியில் ஓரிரவு இருந்துவிட்டுக் கட்டுப் போட்ட மார்போடு வந்தார். ரிப்போர்ட் வருவதற்கு இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். இடையில் சீனப் பெருநாள் வந்தது. லெபாரட்டரியும் மூடியிருக்கும், பெரிய டாக்டரும் ஊருக்குப் போகிறார், அதற்கப்புறம்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த நாட்களை அக்கா எப்படித் தள்ளினார் என்று நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். வேலைக்கு ஒருநாளும் மட்டம் போடவில்லை. மற்றவர்களின் ஷிப்டையும் கேட்டு வாங்கிச் செய்தார். "நொம்போர் பெராப்பா?" என்று எண் கேட்கும் குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. நீண்ட நேரம் காத்திருந்து கோபப்படுகிறவர்களிடம், கொஞ்சம் பொறுங்கோ, இப்ப கிடைச்சிடும் என்று அதே நிதானத்தோடு சொல்வார். ஆனால் அழைப்பு இல்லாத நேரத்தில் அவர் விரல்கள் சேலைக்குள் போய்க் கட்டின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். நான் பார்ப்பது தெரிந்தால் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்.

வீட்டில் சன்னல் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழுவினார். மறுநாள் திரும்பவும் கழுவினார். தன்னுடைய தையல் மெஷினை நான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். யாருக்கு எந்தச் சேலை என்று பிரித்து வைத்தார். ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது அவர் தரையில் உட்கார்ந்து வெள்ளைத் துணியில் சின்னதாக, உருண்டையாக ஒரு பை தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இலவம்பஞ்சு. எனக்கு என்னவென்று புரியவில்லை. தைத்து முடித்துப் பஞ்சை அடைத்து, கொஞ்சம் அரிசியும் போட்டு வாயை மூடினார். உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"பாரம் சரியா இருக்குமோ, பிள்ளை? எடுத்துப் போட்டாங்கள் எண்டால் பிளவுஸுக்குள்ள வைக்க வேணும். வேலைக்குப் போறது எல்லே."

நான் அதைக் கையில் வாங்கினேன். ரிப்போர்ட் வரட்டும் லா அக்கா, அப்புறம் இதெல்லாம் பார்க்கலாம் என்று ஒருவழியாகச் சொன்னேன். வந்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது என்றார்.

இவ்வளவு செய்தும் அவருக்குத் தூக்கம் வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. காலையில் எழுந்தால் அவர் படுக்கை கலையாமல் இருக்கும். எல்லாவற்றுக்கும் வழி பண்ணியாயிற்று, அந்த ஒருவரைத் தவிர. கிள்ளான்காரரிடம் அவர் எதையும் சொல்லியிருக்கவில்லை. ஆபீசில் வேலை அதிகம், இரண்டு ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று தகவல் சொல்லி நிறுத்தியிருந்தார்.

பெருநாளன்று காலையில், கிள்ளானுக்குப் போக வேண்டும், நீயும் வா என்றார். பஸ்ஸில் போனோம். கடைகளெல்லாம் சாத்தியிருந்தன. சீனர் வீட்டு வாசல்களில் வெடித்த பட்டாசுக் காகிதம் சிவப்பாகக் கிடந்தது. எங்களைப் பார்த்ததும் கிள்ளான்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, மகளைப் பக்கத்து வீட்டுக்குப் பலகாரம் கொடுக்க அனுப்பிவிட்டு, அவரே தேத்தண்ணி கலக்கினார். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். அக்கா என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

கட்டி கண்டது, ஆஸ்பத்திரிக்குப் போனது, ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பது எல்லாவற்றையும் சொன்னார். ஏன் என்னிடம் முன்பே சொல்லவில்லை என்று அவர் கேட்டார். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார். அக்கா பேரைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. அவர் மனைவி கிடந்த அதே ஆஸ்பத்திரி.

"ரிப்போர்ட் வர முதல் உங்களிட்ட ஒண்டு கேக்க வேணும்" என்றார் அக்கா. "அது கூடாத வருத்தமா இருந்தால், நீங்கள் என்னோட நிப்பீங்களோ?"

நோயை அவர்கள் வீட்டில் வருத்தம் என்றுதான் சொல்வார்கள்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பக்கத்து வரிசையில் யாரோ பட்டாசைக் கொளுத்திவிட்டார்கள். அது வெடித்து ஓயும் வரைக்கும் யாரும் பேச முடியவில்லை. ஓய்ந்த பிறகும் அவர் நிமிரவில்லை. அக்கா அவசரப்படுத்தவில்லை. டிரங்க் போர்டில் மறுமுனை எடுப்பதற்குக் காத்திருப்பது போல இருந்தார்.

"மறுபடியும் அந்த வராந்தாவுல போய் நிக்க என்னால முடியாதுங்க" என்றார் அவர். "என்னால முடியாதுங்க."

அக்கா தலையை ஆட்டினார். சரி, இது தெரிந்தால் எனக்குப் போதும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே ஒரு வேலை முடிந்த மாதிரி சொன்னார். தேத்தண்ணியைக் கடைசி வரைக்கும் குடித்தார். மகள் திரும்பி வந்ததும் அவள் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு எழுந்தார். அவர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எங்கள் பின்னாலேயே வந்தார். ஏதாவது சொல்வார் என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பஸ் கிளம்பும்போது கையை லேசாகத் தூக்கினார், அவ்வளவுதான்.

பஸ் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் அக்கா தூங்கிவிட்டார். என் தோளில் தலை சாய்ந்திருந்தது. எத்தனையோ நாளாகத் தூங்காத மனுஷி, வாய் லேசாகத் திறந்தபடி பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் தூங்கிக்கொண்டு வந்தார். அவரை எழுப்ப எனக்கு மனசு வரவில்லை.

ரிப்போர்ட்டுக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் ஒரு சீக்கியர், வயதானவர். சும்மா கட்டிதான், கெட்டது இல்லை, எடுத்தாயிற்று, வீட்டுக்குப் போய் நிம்மதியாக இருங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அக்கா நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். நான் அழுதுகொண்டே அவர் கையைப் பிடித்தேன். அவர் எனக்கு முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டார். வெகுநேரம் அங்கேயே இருந்தோம்.

"இப்ப என்ன செய்யிறது, பிள்ளை?" என்று கேட்டார். "இதுக்கு நான் ஒண்டும் யோசிச்சு வைக்கேல்லை."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளான்காரர் வந்தார். படியில் செருப்புச் சத்தம் கேட்டதுமே அக்கா போய்க் கதவைத் திறந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். "ரிப்போர்ட் வந்திட்டுது, ஒண்டும் இல்லையாம், நீங்கள் பயப்பட வேண்டாம்" என்று அக்கா சொன்னது கேட்டது. எட்டிப் பார்த்தேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். உதடு ஏதோ சாமி பெயரைச் சொன்னது. அக்கா உள்ளே அழைத்து உட்காரவைத்தார். தேத்தண்ணி கொடுத்தார். பிறகு, கல்யாணம் வேண்டாம் என்று சொன்னார். சண்டை போட்டிருந்தால்கூட ஒரு வழி இருந்திருக்கும். அவர் ஒரு வார்த்தையும் எதிர்த்துப் பேசவில்லை. கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனார்.

அதற்குப் பிறகும் சில ஞாயிறுகள் வந்தார். அக்கா முகம் சுளிக்கவில்லை. உட்காரச் சொல்வார், மகளின் படிப்பை விசாரிப்பார். அந்த மரியாதையைத் தாங்க முடியாமல்தான் அவர் வருவதை நிறுத்தினார் என்று நினைக்கிறேன். பினாங்குத் துறைமுகத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம்.

நான் அக்காவிடம் எவ்வளவோ பேசிப் பார்த்தேன். ஆஸ்பத்திரியை நினைத்துப் பயந்து சொன்ன வார்த்தை, அதைப் பிடித்துக்கொண்டு இருக்கலாமா என்று கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்.

"அவரில எனக்குக் கோபம் இல்லை. ஆனா எனக்கு ஒரு வருத்தம் வந்தா அவர் நிக்க மாட்டார் எண்டு தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சதைத் தெரியாத மாதிரி வைச்சுக்கொண்டு எப்பிடிப் பிள்ளை குடும்பம் நடத்திறது?"

கல்யாணச் சேலையைத் தையல்காரரின் மனைவிக்குக் கொடுத்துவிட்டார். ரவாங் அண்ணன் வந்து, நான் அப்போதே சொன்னேனே என்று ஆரம்பித்தபோது, அந்த மனுசனைப் பற்றி இந்த வீட்டில் ஒரு கதையும் வேண்டாம் என்று அவரை வாயடைத்து அனுப்பினார். அந்த நோய் பிறகும் அக்காவை அண்டவே இல்லை. நல்ல ஆரோக்கியத்தோடு வேலை பார்த்தார். எக்ஸ்சேஞ்சில் டிரங்க் போர்டு போய் வேறு மெஷின்கள் வந்தன. எனக்குக் கல்யாணமாகிக் கிள்ளானில் குடியேறினேன். அக்கா மட்டும் அந்த மாடியிலேயே இருந்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிள்ளான் பாசாரில் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிரிக்பீல்ட்ஸ் ஆன்டிதானே என்று கேட்டாள். கிள்ளான்காரரின் மகள். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். அப்பா ரிட்டையராகி அவளோடு இருந்தார். வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்காவைப் பற்றி விசாரித்தாள். போன் நம்பர் கொடுத்தேன். சில மாதம் கழித்து அவள் போன் செய்து அப்பா தவறிவிட்டதாகச் சொன்னாள். முடிந்தால் அந்த ஆன்டியைக் கூட்டி வாருங்கள் என்று அவளே கேட்டாள்.

நான் அக்காவுக்குத் தகவல் சொன்னேன். வருவாரோ மாட்டாரோ என்று இருந்தது. முதல் ரயிலில் கிள்ளானுக்கு வந்துவிட்டார். தெலுக் பங்லிமா காராங்குக்கு பஸ்ஸில் போனோம். தாமான் குடியிருப்பில் சின்ன வரிசை வீடு, வாசலில் பந்தல், நாற்காலிகள். அக்கா பெண்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அவர் முகத்தை ஒருதடவைதான் பார்த்தார். தலைமயிர் முழுக்க நரைத்து, மெலிந்து கிடந்தார். அக்கா அழவில்லை. எடுத்துக்கொண்டு போன பிறகும் உட்காராமல் சுவரோரம் நின்றார்.

எல்லோரும் கலைந்த பிறகு மகள் எங்களைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனாள். அழுது ஓய்ந்திருந்தாள்.

"ஆன்டி, அப்பா இத சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தாரு. இப்ப அவரு இல்ல. நீங்க தெரிஞ்சிக்கணும்" என்றாள்.

அவளுக்கு அந்தப் பெருநாள் நன்றாக ஞாபகம் இருந்தது. நாங்கள் வந்துபோன அன்று அப்பா சாப்பிடவே இல்லை. லீவு முடிந்த முதல் நாள் காலையில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு துறைமுக ஆபீசுக்குப் போய், சம்பளம் இல்லாத நீண்ட லீவு கேட்டார். அந்த வாரமே இவளுடைய துணிமணியைப் பெட்டியில் அடுக்கி, பந்திங்கில் இருந்த அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டார். கோலாலம்பூரில் ஓர் ஆன்டிக்கு உடம்பு சரியில்லை, அப்பா கொஞ்ச நாள் அங்கே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும், அழாமல் இரு என்று சொன்னாராம். இவள் அழுதிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அதைச் சொல்வதற்குத்தான் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனார். அன்று சாயந்தரமே பந்திங்குக்கு வந்து இவளைத் திருப்பி அழைத்துக்கொண்டார்.

"ஏம்பா திரும்பி வந்துட்டீங்கன்னு கேட்டேன். ஆன்டி நல்லா இருக்காங்கம்மா, நான் தேவையில்லன்னு சொன்னாரு. பெரியவளானப்புறம் நான் சண்ட போட்டேன், ஆன்டி. ஏன் நீங்க போய் சொல்லலன்னு. அவங்க நல்லா இருக்காங்கன்னு தெரிஞ்சப்புறம் சொன்னா யாரு நம்புவாங்கன்னு கேட்டாரு."

அக்கா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, சாப்பிட்டாயா என்று அவளைக் கேட்டார்.

என் வீட்டுக்கு வந்து தலை முழுகினார். நான் கொடுத்த தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் குடிக்காமல் இருந்தார்.

"அவர் படியேறி வந்த களைப்பில மூச்சு வாங்கிக்கொண்டு நிண்டவர்" என்றார். "என்னைப் பாத்ததும் கதைக்க வாயைத் திறந்தவர், பிள்ளை. எனக்கு இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. பயந்துகொண்டு வந்திருப்பார், முதல்ல நல்ல சேதியைச் சொல்லுவம் எண்டு நான் முந்திக்கொண்டன். அவரைக் கதைக்க விடேல்லை."

நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அது அவர் காதில் விழவில்லை.

"கேக்காமலே இருந்திருக்கலாம். வராத வருத்தத்துக்கு அந்த மனுசனிட்டப் போய் மறுமொழி கேட்டன்."

அழுவார் என்று நினைத்தேன். கோப்பையைக் கீழே வைத்து, ஈரத் தலையை முடிந்துகொண்டு, சாயந்தர ரயிலுக்கே போகிறேன் என்றார். இருந்துவிட்டுப் போகலாம் என்று கெஞ்சியும் கேட்கவில்லை. ஸ்டேஷனில் எங்கள் இருவரைத் தவிர ஆள் அதிகமில்லை. ரயில் வரும் நேரமாகும்போது, ஏதோ யோசனையிலிருந்து மீண்டவர் மாதிரி என் பக்கம் திரும்பினார்.

"லீவு எவ்வளவு காலத்துக்குக் கேட்டவர் எண்டு அந்தப் பிள்ளை சொன்னவளோ?"

"நீண்ட லீவுன்னுதான் அக்கா சொன்னா. எவ்வளவுன்னு அவளுக்குத் தெரியாது போல."

அக்கா தலையை ஆட்டினார். ரயில் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"ஆறு மாசமாவது கேட்டிருப்பார்" என்றார்.